நடந்துபோன மஞ்சள் கல்

குழாய்க்குள் பன்றி ஓடுகிறது என்று நான் சொன்னபோது கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் ஒருவர்கூட நம்பவில்லை. அது சத்தியமான உண்மை. எங்கள் பக்கம் நிலத்துக்கடியில் போகிற பெரிய எரிவாயுக் குழாய்க்குள் அவ்வப்போது நீளமான ஒரு கருவியை இறக்கிவிடுவார்கள். வாயுவே அதைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் உள்சுவரில் எங்கே துரு, எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று பார்த்துக்கொண்டே போய், அடுத்த ஸ்டேஷனில் வெளியே வரும். அதற்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பன்றி. நானா வைத்தேன்?

அதே டீக்கடையில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். நான் பஸ் கண்டக்டராக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் ஏரி உடைந்து, விரால் மீன்கள் எங்கள் வண்டியில் ஏறி, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றுகொண்டே வந்தன. இதை எல்லோரும் நம்பினார்கள். பெருமை என்னுடையது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்த தருமனுடையது.

"நின்னுகினு வரல மாப்ள," என்றான் அவன். "லேடீஸ் சீட்டு காலியா இருந்துது. ஒண்ணு ரெண்டு அதுல உக்காந்துது. நீதான் எழுப்பிவுட்ட."

தருமன் என் மனைவி சரசுவின் அண்ணன். அதற்கும் முன்பிருந்தே என் சிநேகிதன். நான் சொல்கிற கதைகளுக்கெல்லாம் அவன்தான் சாட்சி. மற்ற சாட்சிகளைப் போல "ஆமா, நானும் பார்த்தேன்" என்று தலையாட்டுகிற ஆள் இல்லை. கதையில் ஏதாவது சின்னத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவான். கிழமையை மாற்றுவான், அல்லது மாட்டின் நிறத்தை. கேட்பவன் அந்தத் திருத்தத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் போதும், மீதிக் கதை அவன் வயிற்றுக்குள் போய்விடும். இந்த வித்தையை எங்கள் ஜில்லாவில் அவனைப் போலச் செய்ய ஆள் கிடையாது.

பஸ் வேலை முடிந்தபிறகு எனக்குக் கிடைத்தது குழாய் வேலை. லைன் வாக்கர் என்பார்கள். ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்பும் போனுமாக, என் பங்குக்கு வந்த தூரத்தைத் தினமும் குழாயின் மேலேயே நடந்து பார்க்க வேண்டும். யாராவது பள்ளம் தோண்டுகிறார்களா, சுவர் எழுப்புகிறார்களா, ஓரிடத்தில் மட்டும் பயிர் கருகியிருக்கிறதா, தேங்கின தண்ணீரில் குமிழி வருகிறதா. உள்ளே ஓடுகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும். அங்கங்கே மஞ்சள் வண்ணம் அடித்த கல் நட்டிருக்கும். இங்கே தோண்டாதீர்கள் என்றும், தோண்டுவதானால் முதலில் கூப்பிடுங்கள் என்று ஒரு போன் நம்பரும் அதில் எழுதியிருக்கும்.

எங்கள் பகுதிக்குப் பொறியாளர் நந்தினி. சின்ன வயசு, நல்ல பொறுமை. ஆரம்பத்தில் என் ரிப்போர்ட்டுகளைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள்:

"ஐயா, புல்லு மஞ்சளா இருந்தா மஞ்சளா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. அது எந்த முனிவர் சாபம்னு எனக்கு வேணாம்."

அதோடு நான் முனிவர்களைக் குறைத்துக்கொண்டேன். ஆனாலும் பொய்க்காரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தருமனுடைய மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், என் லைனில்தான் இருக்கிறது. திருவண்ணாமலை ரோட்டை ஒட்டினது. குழாய் கொல்லையின் நட்டநடுவில் போகிறது. மேலே மணிலா போடலாம், நெல் போடலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, போர் போடக் கூடாது, வேர் இறங்குகிற மரம் வைக்கக் கூடாது. அந்தக் கொல்லையில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். மலை தெரிகிற நிலத்துக்கு இப்போது எங்கள் பக்கம் இருக்கிற கிராக்கி உங்களுக்குத் தெரியாது. பெங்களூர்க்காரர்கள் காரை நிறுத்தி இறங்கி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் மஞ்சள் கல்லைப் பார்ப்பார்கள். அப்புறம் கார் கிளம்பிவிடும்.

இவ்வளவுதான் முன்கதை. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலை நான் தருமன் கொல்லைக்குள் நுழைந்தபோது மஞ்சள் கல் அதன் இடத்தில் இல்லை. வழக்கமாக அது, குழாய் வருவதற்கு முன்பிருந்தே நிற்கிற ஒற்றைப் பனைமரத்துக்குப் பக்கத்தில், கொல்லையின் நடுவில் நிற்கும். இப்போது மேற்கு வேலியோரம் நின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் சாய்வாக, புதிதாகக் குடிவந்தவனைப் போல. பனைமரத்தடியில் ஒரு கட்டு வைக்கோல் கிடந்தது. காலால் தள்ளிப் பார்த்தேன். கல் இருந்த குழி. அங்கிருந்து வேலி வரைக்கும் ஈர மண்ணில் ஏதோ இழுபட்ட தடம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தருமன் என்னோடு விளையாடுகிறான் என்று நினைத்தேன். கல் காணாமல் போய்விட்டது என்று நான் பதறி ஓடினால், "காணாம போவல மாப்ள, வேலியோரம் ஒண்ணுக்குப் போயிருக்குது" என்று சொல்லத் தயாராக எங்கேயோ உட்கார்ந்திருப்பான் என்று சுற்றிலும் பார்த்தேன்.

அப்போதுதான் ரோட்டிலிருந்து போர் லாரி உள்ளே திரும்பியது. பின்னால் கம்ப்ரசர் வண்டி. அதற்குப் பின்னால் டிவிஎஸ் வண்டியில் தருமன்.

லாரி நேராக வந்து பனைமரத்துப் பக்கத்தில் நின்றது. வேலையாட்கள் இறங்கி ஜாக்கிகளை ஊன்ற ஆரம்பித்தார்கள். துளை போடுகிற தண்டு எங்கே இறங்கும் என்று கண்ணால் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். வைக்கோல் கட்டுக்கு ஒரு முழம் தள்ளி.

தருமனின் கையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா மச்சான் இது?"

"போர் போடுறேன்."

"குழாய் மேலயா?"

"குழாய் வேலியோரம் போகுது. அதோ கல்லு நிக்குது பாரு."

அவன் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் மீனை உட்காரவைத்தானே, அதே முகம்.

"என்கிட்டயேவா?" என்றேன்.

தருமன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரி, நான்தான் நவுத்தினேன். பெங்களூர்ல இருந்து ஒருத்தர் கெஸ்ட் ஹவுஸ் கட்ட நிலம் கேக்குறாரு. தண்ணி இருந்தா எழுதிக்கிறேன்னாரு. தேங்காயைக் கையில வெச்சு நீரோட்டம் பாக்கிறவரை இட்டாந்தேன். கொல்லை பூரா சுத்தினாரு, தேங்கா அசையல. இந்த எடத்துக்கு வந்ததும் உள்ளங்கையில நட்டுகினு நின்னுது பாரு மாப்ள! ஆளே ஆடிப்பூட்டாரு. கீழ ஆறு மாதிரி ஓடுது, நிக்காம ஓடுதுன்றாரு."

ஓடத்தான் செய்கிறது. அது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

"மச்சான், அது குழாய்டா. குழாய்க்குள்ள ஓடுறதைப் பாத்துதான்டா தேங்கா நின்னுது."

"தண்ணி இருக்கிற எடத்துல குழாய் எப்டிடா இருக்கும்? அந்தக் காலத்துல காண்ட்ராக்டர் கல்லை ஏதோ குத்துமதிப்பா நட்டுட்டுப் போயிட்டான். தேங்கா பொய் சொல்லாது."

தேங்காய் பொய் சொல்லாதாம். மனிதர்கள் சொல்வதைப் பற்றி அவனிடம் எனக்கு அப்போது பேசத் தோன்றவில்லை.

"நிலத்தை வித்துட்டு?" என்றேன்.

"மெட்ராஸ்ல பையன்கூடப் போயிடலாம்னு இருக்கேன்."

இதைக்கூட அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. தினமும் சாயந்தரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். செத்துப்போன நாயைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம்.

"அதெல்லாம் இருக்கட்டும் மச்சான். என் லைன்ல வந்து எப்டிடா கல்லை நவுத்தின? என் வேலை போயிடும்னு தோணலியா?"

தருமன் கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"உன் லைனுன்னுதான்டா நவுத்தினேன். ரோட்டுக்கு அந்தப்பக்கம் நடக்கிறான் பாரு அறிவுச்செல்வன், அவன் லைனா இருந்தா எனக்குத் தைரியம் வந்திருக்குமா? அவன் ஒரு வார்த்தை சொன்னா உடனே ஜீப்பு வரும். நீ சொன்னா…"

என் தோளில் ஒரு தட்டு தட்டினான், அவ்வளவுதான். என் வாயில் வெற்றிலை இருந்தது. அதைத் துப்புவதா மெல்லுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நந்தினிக்குப் போன் போட்டேன். அவள் அன்றைக்குச் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷனில் இருந்தாள். பன்றி வெளியே வருகிற நாள் அது. அதை இறக்கிப் பத்திரமாக மூடும்வரை அவளால் நகர முடியாது. நடந்ததைச் சொன்னேன். முனிவர் கிடையாது, மீன் கிடையாது. என் ஆயுளில் அவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை.

"கல்லு நகர்ந்திருக்கா? நல்லாப் பாத்தீங்களா ஐயா? நிலத்துக்காரர் பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன்.

"வணக்கங்க மேடம்," என்றான் தருமன். குரலில் தேன். "முருகையன் சொன்னா சரியாதாங்க இருக்கும். போன மாசம்கூட ரெண்டு மயிலு வந்து இந்தக் கல்லைத் தூக்கப் பாத்துச்சுன்னு சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினான். "ரெண்டு இல்ல, மூணு. ஒண்ணு பொட்டை."

போனில் நந்தினி மூச்சு விடுவது கேட்டது. சுற்றி நின்ற போர் ஆட்கள் சிரித்தார்கள்.

மயில் கதையை நான் சொல்லவே இல்லை. அவனே அப்போது கட்டினது. என்னுடைய எல்லாப் பொய்களையும் உண்மையாக்கிக் காட்டின அதே வித்தையால், என்னுடைய ஒரே உண்மையை அவன் பொய்யாக்கிவிட்டான். ஒரு பொட்டை மயில் போதுமானதாக இருந்தது.

"போட்டோ அனுப்புங்க ஐயா," என்றாள் நந்தினி. அனுப்பினேன். போட்டோவில் கல் வேலியோரம் நின்றது, லாரி வெகுதூரம் தள்ளி நின்றது. தருமனுக்கு அதுவும் சாட்சி.

ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. "கல்லைப் பாத்தா தள்ளிதான் தெரியுது. இருந்தாலும் நான் கருவியோட வந்து பாத்துடறேன். நான் வர்ற வரைக்கும் ஒரு துளைகூட விழக் கூடாது. எப்படியாவது நிறுத்தி வைங்க ஐயா. துளை விழுந்தா அங்க நிக்கிறவங்களுக்கு ஓட நேரம் இருக்காது."

"எப்படிம்மா நிறுத்துறது?"

"எப்படியாவது," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கே நிற்கிறவர்கள் யாரென்று பார்த்தேன். போர் வண்டி ஆட்கள். பக்கத்துக் கொல்லையில் களையெடுக்க வந்து, வேடிக்கை பார்க்க வரப்பில் ஏறிவிட்ட பெண்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளையம்மாள், எங்கள் தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் நிற்பவள். அவளுக்குப் பக்கத்தில் இடுப்பில் களைக்கொத்தைச் செருகிக்கொண்டு என் சரசு.

போர் வண்டியின் மேஸ்திரி அருள்ராஜ், திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். கழுத்தில் சிலுவை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க பெரியவரே," என்றார், மரியாதையாகத்தான். "நெலத்துக்காரரு போடுங்கறாரு. கல்லு அங்கெங்கியோ நிக்குது. நீங்க குழாய் இங்கிங்கறீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

"அவரு பேச்சைக் கேக்காதீங்க," என்றான் தருமன். "பஸ்ஸுல மீனுக்கு டிக்கெட் கிழிச்சவரு."

எல்லோரும் சிரித்தார்கள். சரசுவைப் பார்த்தேன்.

"சரசு, நீ சொல்லு. கல்லு இங்கதான நின்னுது?"

சரசு அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு இன்னா தெரியும்? குழாய் பாக்கிறது உன் வேலை," என்றாள். "சும்மா எங்கண்ணன் மேல பழி போடாத."

போர் வண்டிக்காரர்கள் பூஜைக்குத் தயாரானார்கள். துளை போடுவதற்கு முன்னால் வாழையிலையில் தேங்காய், பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அவர்கள் வழக்கம். ஆபரேட்டர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தான். கற்பூரத்தைக் கையில் எடுத்தான். கம்ப்ரசர் உறும ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. என்னிடம் மிச்சமிருந்தது என் தொழில் ஒன்றுதான்.

கம்பைத் தூர எறிந்தேன். பனைமரத்தடியில் வைக்கோல் மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"ஐயோ, இந்தாளுக்கு இன்னா ஆச்சு!" என்று சரசு ஓடிவந்தாள். கம்ப்ரசர் நின்றது. எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று யாரோ சாவிக்கொத்தைத் தேடினார்கள். நான் மெதுவாக எழுந்து உட்கார்ந்து வைக்கோலை விலக்கினேன்.

"அருணாச்சலா!" என்றேன். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க எல்லாரும்? இந்தக் குழியைப் பாருங்க. நேத்து வரைக்கும் கல்லு இங்க நின்னுது. இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க. அது போன தடத்தைப் பாருங்க!"

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். ஈர மண்ணில் இழுபட்டிருந்த தடத்தைப் பார்த்தார்கள். தடத்தின் முடிவில் வேலியோரம் சாய்ந்து நிற்கும் மஞ்சள் கல்லைப் பார்த்தார்கள். அதற்கு நேர் பின்னால், வெயிலில், மலை.

"ஆளு தூக்கியிருந்தா தடம் இருக்குமா? அது நடந்திருக்குது. மலையைப் பாத்து நடந்திருக்குது. கிரிவலம் கிளம்பியிருக்குது! வேலி தடுத்துதோ, இல்ல பொழுதுதான் விடிஞ்சிடுச்சோ, அங்கயே நின்னுட்டுது."

வெள்ளையம்மாள் மெல்ல வரப்பிலிருந்து இறங்கி, தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து, கல்லிடம் போய் நின்றாள். சாய்வைக் கவனித்தாள்.

"தலையைக் குனிஞ்சுகினு நிக்குது பாரு," என்றாள்.

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளையம்மாள் முந்தானை முடிச்சில் இருந்த குங்குமத்தை எடுத்து, 'தோண்டாதீர்' என்ற எழுத்துக்கு மேலே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவந்தார்கள்.

அருள்ராஜ் ஜாக்கியைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

"இன்னாங்க, அட்வான்ஸ் வாங்கினீங்கல்ல?" என்று தருமன் பாய்ந்தான்.

"எனக்கு சாமி வேறைங்க," என்றார் அருள்ராஜ், சிலுவையைத் தொட்டுக்கொண்டு. "ஆனாலும் இன்னொருத்தரு சாமி எந்திரிச்சுப் போன எடத்துல நான் ஓட்டை போட மாட்டனுங்க."

தருமன் என்னைப் பார்த்தான். கல்லை இழுத்தது தானேதான் என்று அவன் சொல்ல முடியாது. கூட்டம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா தருமா, உன் கொல்லைதான? நேத்து கல்லு இங்கதான் நின்னுதா?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

தருமன் தொண்டையைச் செருமினான்.

"நேத்து இல்ல," என்றான். "முந்தாநாளு. பிரதோஷத்தன்னிக்கு சாயந்தரமே லேசா ஆட ஆரம்பிச்சுது."

மறுபடியும் குலவை. அந்த நிமிஷத்தில் நான் அவனை வெறுத்ததைப் போல யாரையும் வெறுத்ததில்லை. அவ்வளவு அழகாகச் சொன்னான்.

மதியத்துக்கு நந்தினி ஜீப்பில் வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோய்த்தான் இறங்கினாள். தரைக்கடியில் குழாய் எங்கே போகிறது என்று காட்டுகிற கருவி அவள் ஆட்களிடம் இருந்தது. அதை வேலியோரத்தில் பிடித்தார்கள், சத்தமில்லை. மெதுவாக நகர்ந்து பனைமரத்துப் பக்கம் வந்தார்கள். கல் இருந்த குழிக்கு வந்ததும் அது விடாமல் கத்தியது. லாரி ஊன்றியிருந்த ஜாக்கியின் பள்ளம் ஓரெட்டு வைத்தால் எட்டும் தூரம்.

நந்தினி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"காலையில நீங்க சொன்னப்பவே நான் போலீஸுக்குப் போன் பண்ணியிருக்கணும் ஐயா. என் தப்பு." பிறகு சத்தமாக, "கல்லை யாரு நகர்த்தினாங்க?"

"தருமன்," என்றேன்.

நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பிறகு ஷேர் ஆட்டோவில் வந்த ஒருவர் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். தருமனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

"காலையிலதான் சாமி நடந்துதுன்னு விழுந்து கும்புட்டாரு," என்றாள் வெள்ளையம்மாள். "இப்ப மச்சான் தூக்கினு போனாருன்றாரு. இவரை நம்பாதம்மா. இவரு வாயில பொய்யைத் தவிர ஒண்ணும் வராது. கல்லு நடந்ததை நாங்க கண்ணால பாத்தோம்."

நந்தினி என்னைப் பார்த்தாள். அவள் நம்பினாள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஊரே கல் நடந்தது என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும்போது, ஒரு கிழவன் பேச்சை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? கயிறோ கடப்பாரையோ ஏதாவது கிடக்கிறதா என்று அவள் ஆட்கள் வேலியோரம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்லைத் திரும்ப அதன் இடத்தில் நட வேண்டும் என்றாள். கூட்டம் முறைத்தது. அப்புறம் மேளம் வைத்து அழைத்து வருவதானால் சரி என்று ஒப்புக்கொண்டது. அப்படியே நடந்தது. அடியில் சிமெண்ட் போட்டு ஆழமாக நட்டார்கள். நந்தினி கூட்டத்தைப் பார்த்துக் கறாராகச் சொன்னாள்: கூரை கூடாது, மேடை கூடாது, கற்பூரம் கூடாது, விளக்கு கூடாது. பூ வைக்கலாம். நம்பரை மட்டும் குங்குமத்தால் மறைக்கக் கூடாது.

கற்பூரம் கேட்காத சாமி என்று அதற்கே தனிப் பெயர் வந்துவிட்டது. கல்லில் நம்பர் இருக்கிறது அல்லவா, ஜனங்கள் அதற்குப் போன் போட்டு வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கடைசியில் பொறுக்க முடியாமல், பெண்ணுக்குத் தை மாசம் வரன் அமையும் என்று ஓர் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அமைந்துவிட்டது. இப்போது அவர் லைனே கிடைப்பதில்லை.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் சரசு மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வெளியே போட்டாள். நல்ல தடித்த மாட்டுக் கயிறு. ஒரு முனையில் மஞ்சள் வண்ணம் ஒட்டியிருந்தது.

"வேலியோரம் கெடந்துது," என்றாள். "அந்தப் பொண்ணு ஜீப்புல வர்றதுக்கு முன்னாடியே எடுத்துகினேன்."

"சரசு, அது ஒண்ணு இருந்திருந்தா போதுமே. நான் சொன்னது நெஜம்னு ஆயிருக்கும்."

"ஆயிருக்கும். எங்கண்ணனை இட்டுகினு போயிருப்பாங்க." சோற்றை வடிக்க உள்ளே போனவள் திரும்பிப் பார்த்தாள். "உனக்கென்ன, நீ பொய்யி சொல்றவன்னு பேரு புதுசா வரப்போவுதா?"

அந்தக் கயிறு இப்போது எங்கள் வீட்டில் துணி காயப்போடுகிற கொடி. என் ஆரஞ்சுச் சட்டை அதில்தான் காய்கிறது.

பெங்களூர்க்காரர் அப்புறம் வரவில்லை. தருமன் மெட்ராஸுக்கும் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. நெற்றி நிறைய விபூதியோடு, கழுத்தில் ருத்திராட்சத்தோடு, கல்லுக்குப் பக்கத்தில் பனைமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். கிரிவலம் வருகிறவர்களை ஆட்டோக்காரர்கள் அங்கேயும் இறக்கிவிடுகிறார்கள். ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள். கல் நடந்ததைத் தன் கண்ணால் பார்த்தவன் தருமன்தான் என்று ஆகிவிட்டது. வைக்கோல் மேல் விழுந்த கிழவனைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை.

அவனோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டேன். பேச்சும் கிடையாது. ஆனால் என் லைன் அவன் கொல்லை வழியாகத்தானே போகிறது? தினமும் நான் அந்தக் கல்லைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

போன வாரம் அப்படிப் போகும்போது ஒரு வேன் நிறைய ஆட்கள் கல்லைச் சுற்றி நின்றார்கள். அதில் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். கல்லாவது நடப்பதாவது என்றார். இந்த மாதிரி இடத்தில்தான் தண்ணீர் நன்றாக இருக்கும், போர் போட்டு ஒரு தோட்டம் வைத்தால் என்ன என்று தருமனையே கேட்டார்.

தருமன் என்னைப் பார்த்துவிட்டான்.

"தோ, கம்பெனி ஆளே வர்றாரு. அவரைக் கேளுங்க," என்றான். "மாப்ள! நீ சொல்லுடா. பிரதோஷத்தன்னிக்கு கல்லு நடந்துதா இல்லியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடிக்காரரும் திரும்பினார்.

நான் நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த முறை ஒருவேளை நம்பியும் இருப்பார்கள். நம்பினால் அது சாமி இல்லை, வெறும் கல். வெறும் கல்லை யார் வேண்டுமானாலும் கயிறு கட்டி இழுக்கலாம். காலுக்கடியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தருமன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பெஞ்சில் உட்கார்ந்து நான் அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பேனே, அதே மாதிரி.

"பிரதோஷத்தன்னிக்கு இல்லிங்க," என்றேன் கண்ணாடிக்காரரிடம். "அதுக்கு மறுநாளு. விடியக்காலம்."

அவர் கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்தார். செருப்பைக் கழற்றினார்.

தருமனின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு கம்பை ஊன்றி மேலே நடந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது சரசு கேட்டாள்: "எங்கண்ணன்கூடப் பேசினியாமே? வெள்ளையம்மா சொன்னா."

"பேசல," என்றேன். "சாட்சி சொன்னேன்."